தங்கமும் கவரிங்கும்: பழைய கார் கண்காட்சி பற்றி

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். தீபாவளி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப்பள்ளித் திடலில் பழைய கார் கண்காட்சி வைக்கிறோம். தோட்டத்துத் துரைமாரும் பெரிய கிராணிமாரும் ஓட்டிய காலத்து வண்டிகளை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம். கடைசியில் பிள்ளைகளை ஏற்றிக் கடைத்தெருவை ஒரு சுற்று வருவதாகவும் திட்டம். பதினான்கு காடி பதிவாகிவிட்டது. அதில் மூன்றின் மேல் தகராறு. ஒன்று பார்க்க எம்ஜி டிடி, உள்ளே டொயோட்டா இஞ்சின். இன்னொன்றைப் போர்ஷே ஸ்பீட்ஸ்டர் என்கிறார்கள், கீழே குனிந்து பார்த்தால் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். மூன்றாவது கூரை மடக்கும் மொரிஸ் மைனர். அசல் என்று உரிமையாளர் சத்தியம் செய்கிறார். அசல் வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "தங்கத்தையும் கவரிங்கையும் ஒரே தட்டில் வைத்தால் என் வண்டி வராது" என்று சொல்லிவிட்டார். இளையவர்கள், பார்க்க அழகாக இருந்தால் போதாதா என்கிறார்கள். நகல் வண்டிக்கு அசலோடு நிற்கத் தகுதி உண்டா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சொன்ன உவமை நல்லதுதான், பாதியில் நிறுத்திவிட்டார். கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் யாரும் கையைப் பிடிப்பதில்லை. அதையே அடகுக் கடையில் தங்கம் என்று நீட்டினால்தான் வம்பு. உங்கள் திடல் கல்யாண வீடா, அடகுக் கடையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சும்மா பார்க்க வைப்பது கல்யாண வீடு. பரிசு, சான்றிதழ், விலைப் பேச்சு என்று எது நுழைந்தாலும் அது அடகுக் கடை. மூன்று வண்டிக்கும் இடம் கொடுக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் அதனதன் சொந்தப் பெயரில், சொந்த ஆண்டில் நிற்க வேண்டும்.

பெரியவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அவர் வண்டியில் அசல் எவ்வளவு? 1929, 1930 இரண்டு ஆண்டும் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பெண்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று உண்டு, பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பிறகு அதைப் பலமுறை பிரித்துக் கட்டினார்கள். இஞ்சின், உடல், அடிச்சட்டம் எல்லாம் மாறின. ஒரு கோடி பவுண்டு பேரத்தில் விலை பேசியவர்கள், இது அந்த வண்டியே இல்லை என்று பின்வாங்க, வழக்கு 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. பந்தயம் ஓடிய நாளின் பாகங்களில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனாலும் வண்டியின் வாழ்க்கை எங்கேயும் அறுந்துபோகவில்லை, அந்தப் பெயர் இதற்கே உரியது என்றார் நீதிபதி. பாகத்தை எண்ணி அல்ல, தொடர்ச்சியைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1957 பிப்ரவரியில் கோவென்ட்ரி பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்து, ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் வண்டிகள் ஒன்பது எரிந்தன. அந்த ஒன்பதையும் பழைய முறைப்படியே கட்டித் தருவதாக அதே ஜாகுவார் 2016இல் அறிவித்தது. தாய் நிறுவனமே கட்டியும் அவற்றை 1957 வண்டி என்று யாரும் சொல்வதில்லை. 'தொடர்ச்சி வண்டி' என்று சொல்லித்தான் விற்றார்கள். தாயே பெற்றாலும் பிறந்த தேதி பிறந்த தேதிதான்.

தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயமும் அல்ல. ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்ஆர்ஐஎம் 600 ரகம் என்று நிரை நிரையாக நின்ற பால்மரங்கள் அத்தனையும் ஒரே தாய்மரத்தின் ஒட்டு. அவற்றைப் போலி மரம் என்று யாரும் திட்டியதில்லை, பாலும் நன்றாகவே வந்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே கோலகங்சாரில் 1877இல் நட்ட மரம் ஒன்றை வேலி போட்டுக் காக்கிறார்கள். இரண்டும் ரப்பர் மரம்தான். யாரும் ஒன்றின் பலகையைக் கழற்றி மற்றதில் மாட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் மூன்று வண்டிக்கு வருகிறேன்.

எம்ஜி டிடி. அசல் 1949 முதல் 1953 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் சுமார் 30,000 கட்டப்பட்டது. 1250 சிசி இஞ்சின், இரண்டு எஸ்யு கார்புரேட்டர், ஆஷ் மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தகடு. உங்கள் வண்டியில் முன்னால் இரண்டு லிட்டர் டொயோட்டா இஞ்சின் இருந்தால், அது பெரும்பாலும் 1990களின் கடைசியிலிருந்து மலேசியாவிலேயே கட்டிய டிடி2000 ஆக இருக்கும். சிட்னியில் தொடங்கிக் கெப்போங்குக்குக் குடிவந்த புஃபோரியைப் போல, இதுவும் நம் நாட்டுக் கைவேலைதான். இங்கிலாந்து வண்டி என்று பொய் சொல்வதைவிட 'மலேசியாவில் கட்டியது' என்று எழுதிவைத்தால் பிள்ளைகள் இன்னும் ஆசையாகப் பார்ப்பார்கள். இதை ஏன் மறைக்க வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை.

எம்ஜி நகலில் இன்னொரு சாதியும் உண்டு, பீட்டிலின் அடித்தட்டில் உட்காரவைத்தது. டிடியின் இரு அச்சுக்கும் இடைத்தூரம் 94 அங்குலம், அதாவது 2388 மி.மீ. பீட்டிலுக்கு 2400 மி.மீ. வெட்டாமலே பொருந்திவிடும் என்பதால்தான் அப்படிக் கட்டினார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பீட்டிலின் இஞ்சின் பின்னால் இருக்கும், காற்றிலேயே குளிரும். முன்னாலிருக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்காது, சத்தம் பின்னாலிருந்து வரும்.

காந்தத்தைத் துணியில் சுற்றி உடலில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. நகல்களுக்குப் பெரும்பாலும் போடும் ஃபைபர் உடலில் ஒட்டாது, சரி. ஆனால் பழைய லேண்ட் ரோவரின் உடல் அலுமினியம், அதிலும் ஒட்டாது. அசல் இரும்பின் மேல் கனமாகப் பட்டி பூசியிருந்தாலும் ஒட்டாது. காந்தம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது.

அசல் டிடி ஏதும் வந்தால் கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கம் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீல் பக்கத் தூணும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் கறையானுக்கோ ஈரத்துக்கோ போய்விட்டது. இங்கே பலரும் ஆஷ் கிடைக்காமல் செங்கால் மரத்தில் சட்டம் செய்துவிடுகிறார்கள். செங்காலைக் கறையான் லேசில் தொடாது, உண்மை. ஆனால் ஆஷ் கன மீட்டருக்கு 700 கிலோ சுமார் என்றால் செங்கால் 950 சுமார். ஆஷ் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், செங்கால் கொடுக்காது. முன்துளை போடாமல் திருகாணி ஏற்றினால் பிளந்துகொள்ளும். செங்கால் சட்டம் போட்ட எம்ஜி அசல்தான், அடிச்சட்டமும் அதன் கதையும் தொடர்கின்றன. ஆனால் வண்டிமுன் வைக்கும் பலகையில் 'மரச்சட்டம் செங்காலில் புதுப்பித்தது' என்று ஒரு வரி வர வேண்டும். பெரியவருக்கும் இதே விதிதான்.

நகல் வைத்திருப்பவர்களுக்கு நம் வெயிலில் வரும் தொல்லை வேறு. கதவுக் கீலைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விடும். மேலே பட்டி பூசிச் சாயம் அடித்தால் சில மாதத்தில் திரும்ப வரும். காரணம் உள்ளே: போல்ட் வெறும் ஃபைபரை நெரிக்கிறது. முதலில் கீலுக்குப் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு வையுங்கள். பிறகு உட்புறம் விரிசலைத் தாண்டித் தேய்த்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் ரக ஃபைபர் மேட்டில் 20 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டும் சேர்ந்து 36 கிராம் வரும். அதற்கு ரெசின் 90 கிராம், ஹார்டனர் 1 கிராம் போதும். நம் உச்சி வெயிலில் ஹார்டனரைக் கூட்டினால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும், இறுகியதும் விரிசல் விடும். மழை ஈரத்தில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம்.

விளக்கு மங்குவது இன்னொரு புகார். இரும்பு உடல் தானே எர்த் ஆகிவிடும், ஃபைபர் ஆகாது. ஒவ்வொரு விளக்குக்கும் அடிச்சட்டம் வரை தனி எர்த் வயர் ஓட வேண்டும். அது இல்லாமல்தான் இடப்பக்கச் சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது.

ஸ்பீட்ஸ்டர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. போர்ஷே 356 முதலில் உருவானதே பீட்டிலின் பாகங்களை வைத்துத்தான். ஆகவே பீட்டில் மேல் கட்டிய நகல் முழு அந்நியன் அல்ல, பங்காளி. ஆனால் 356இன் அச்சு இடைத்தூரம் 2100 மி.மீ. பீட்டில் தட்டில் 300 மி.மீ. வெட்டி எடுத்து ஒட்டினால்தான் உடல் சரியாக உட்காரும். இங்கேதான் கெடுகிறது. வெட்டும்போது அடித்தட்டின் நடுவே குகைபோல இருக்கும் கூட்டுக்குள் ஓடும் கியர் தண்டு, கிளட்ச் கேபிள், பிரேக் குழாய் எல்லாவற்றையும் அதே அளவுக்குச் சுருக்க வேண்டும். கேபிளைச் சுருக்காமல் வளைத்து விட்டிருந்தால் கிளட்ச் உதறும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சு இடைத்தூரத்தை நாடாவில் அளந்துவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கேயும் அளங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துவராவிட்டால் வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடும், டயர் ஒருபக்கம் தேயும். அடித்தட்டின் எண்ணும் கெரானில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். உடலை மாற்றியதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், விபத்தென்றால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். பழைய பதிவெண்ணைச் சாட்சியாகக் காட்டினால் நம்பாதீர்கள். எண்ணை வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

மூன்றிலும் எனக்கு உறுத்துவது மொரிஸ் மைனர்தான். மற்ற இரண்டும் நகல் என்பது பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. இது பேசாமல் நிற்கும் நகலாக இருக்கலாம். தொழிற்சாலை கூரை மடக்கும் மைனரை 1969 வரைக்கும் கட்டியது. அதன் பிறகும் அதற்கு முன்னும் உள்ள எத்தனையோ சாதாரண இரண்டு கதவு மைனர்களின் கூரையை அறுத்துத் துணி போட்டிருக்கிறார்கள். பானட்டைத் திறந்தால் தடுப்புச் சுவரில் சிறு தகடு இருக்கும். 1950களின் கடைசிக்குப் பிந்திய வண்டியில் எண் 'எம்ஏ2எஸ்' (MA2S) என்று தொடங்கினால் அது இரண்டு கதவு மூடுவண்டியாகப் பிறந்தது. 'எம்ஏடி' (MAT) என்றால் கூரை மடக்குவது. தகட்டின் ரிவிட் புதிதாக மின்னுகிறதா, எண் கெரானோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலகைக்கு நான்கு வரி போதும்: அடிச்சட்டம் எந்த ஆண்டு, இஞ்சின் எது, உடல் எதில் எப்போது கட்டியது, என்னென்ன மாற்றியது. பதினான்கு வண்டிக்கும் ஒரே அச்சுப் படிவம் கொடுங்கள், அசலுக்கு ஒன்று நகலுக்கு ஒன்று என்று வேண்டாம். பழமைக்கான பரிசு தொடர்ச்சியைக் காகிதத்தில் காட்டும் வண்டிகளுக்கு மட்டும். கைவேலைக்கான பரிசில் எல்லாரும் போட்டியிடலாம். அதில் நகல் அசலை வென்றால் பெரியவர் கோபிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தகட்டை மொரிஸ்காரர் காட்ட மறுத்தாலும் ஒரு சோதனையை விடாதீர்கள், இது பரிசுக்காக அல்ல. மைனருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம், கூரையும் அதில் ஒரு பங்கு. தொழிற்சாலை கூரையை எடுத்தபோது கதவுக்குக் கீழும் தூண்களிலும் வலுவூட்டல் சேர்த்தது. பட்டறையில் அறுத்தவர்கள் பலர் அதைச் செய்வதில்லை. வண்டி காலியாக இருக்கும்போது கதவை மூடி, பூட்டுப் பக்கம் மேல்மூலையில் இடைவெளியை அளங்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் பெரியவர்களாக உட்காரவைத்து மறுபடியும் அளங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியக் குறைந்தாலோ, கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ வண்டி நடுவில் தொய்கிறது. அது திடலில் நிற்கட்டும். பிள்ளைகளை ஏற்றிக் கடைத்தெருவைச் சுற்ற வேறு வண்டி பாருங்கள்.