கேட்டது ஒன்று, நடப்பது ஒன்று

கேள்வி: பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 45 கேள்விகளுடன் கூகுள் படிவம் அனுப்பினேன். பதில்களில் பெரும்பாலும் ‘மிகத் திருப்தி’. ஆசிரியர் அறையிலோ ஒரே புலம்பல். எதை நம்புவது, ஐயா?
– ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: புலம்பலை நம்புங்கள், அம்மா.

இணைப்பைத் திறந்து, 45 கேள்விகளையும் கடந்து வந்தவர்கள்தான் உங்களுக்குப் பதில் தந்திருக்கிறார்கள். தடுமாறியவர் பாதியிலேயே மூடிவைத்திருப்பார். குளத்தின் நடுவில் நின்றுகொண்டு ‘யாருக்கு நீச்சல் தெரியும்?’ என்று கேட்டால், அருகில் வந்து பதில் சொல்கிறவர் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும். மின்னஞ்சல் முகவரியையும் படிவத்தில் கேட்டிருந்தீர்கள் என்றால், நிர்வாகம் வாங்கிய மென்பொருளைக் குறை சொல்ல எவருக்குத் துணிச்சல் வரும்?

அல்சூரிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு கல்லூரி நூலகத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். புதிய மென்பொருள் வந்த வருடம் எங்களுக்கும் கருத்துப் படிவம் வந்தது. ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடந்தது வேறு. இரவல் போகும் புத்தகத்தை முதலில் பழைய பேரேட்டில் எழுதுவோம். கூட்டம் குறைந்தபின் மாலையில் கணினியில் ஏற்றுவோம். ஒரே வேலை, இரண்டு முறை. பேரேடு இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தால்கூட இழுப்பறையைத் திறந்து காட்டியிருப்பேன்.

ஆகவே ‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள். ‘கடைசியாக மதிப்பெண் ஏற்றியபோது என்ன செய்தீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.

இளையவர்களுக்கு எல்லாம் கைவந்த கலை என்ற நினைப்பும் வேண்டாம். 2011இல் டேவிட் வைட், அலிசன் லெ கோர்னு என்ற இரு ஆய்வாளர்கள் வயதை ஒதுக்கிவிட்டு, இணையத்துக்கு வேலையாக வந்துபோகிறவர், அங்கேயே குடியிருக்கிறவர் என்று பார்க்கச் சொன்னார்கள். ஓரிடத்தில் குடியிருப்பவரே இன்னோரிடத்தில் விருந்தாளியாக இருப்பார். நாளெல்லாம் ரீல்ஸில் குடியிருக்கும் பிள்ளை, அசைன்மென்ட்டைப் பிடிஎஃப் ஆக்கத் தெரியாமல் தோழியிடம் போனை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

படிவம் கட்டாயம் என்றால், பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய அளவுகோலை (System Usability Scale) பாருங்கள். ஒரு மென்பொருளுக்குப் பத்தே வாக்கியங்கள்; ஒன்று மெச்சும், அடுத்தது குறை சொல்லும். படிக்காமலே பத்துக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால், அது எந்தக் கட்டமானாலும் 100க்கு 50தான் வரும். சோம்பேறிகள் மாட்டிக்கொள்வார்கள்.

பெயர் கேட்காதீர்கள். தாளிலும் அச்சடித்து, கன்னடத்தில் ஒரு பிரதியும் வையுங்கள். அலுவலகத்துக்குக் காலை 10 மணிக்குப் போகாதீர்கள், கட்டணம் கட்டும் வரிசை நிற்கும். மூன்றரைக்கு, டீ வந்தபின் போங்கள்.