எரிந்த காட்டுக்கு வரும் குருவி

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு அலபாமா வந்திருக்கிறேன். போன வாரம் பக்கத்துப் பைன் காட்டில் வனத்துறைக்காரர்களே தீ வைத்தார்கள். மாலைவரை புகை. வடக்கே குளிர் தாங்காமல் குருவிகள் வலசை வந்து தங்கும் ஜனவரியில் இப்படிச் செய்யலாமா? அவை எங்கே போகும்?

செல்வராஜ்

அன்புள்ள செல்வராஜ்,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ஜனவரியில் எரித்த இடத்தில் இந்தக் குளிர்காலம் முடியும்வரை புல்வெளிக் குருவிக்கு ஒளிய மறைவில்லை. பக்கத்தில் எரியாத துண்டைத் தேடித்தான் போக வேண்டும்.

மீதிப் பாதிக்கு ஹென்ஸ்லோ குருவியைக் கவனியுங்கள். எடை சுமார் 13 கிராம்தான். கோடையில் வடக்கத்திப் புல்வெளிகளில் கூடு கட்டும். குளிருக்கு மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய லாங்லீஃப் பைன் காடுகளுக்கு வரும். ஆள் வந்தால் சட்டென்று பறக்காது, எலி மாதிரி புல்லடியில் ஓடும். அப்படி ஓட மேலே புல் கூரையாக நிற்க வேண்டும், கீழே தரை வெறுமையாக இருக்க வேண்டும். நாலைந்து வருஷம் தீ படாத இடத்தில் காய்ந்த புல்லும் பைன் ஊசியும் மெத்தையாகப் படிந்துவிடும், புதர் மண்டும். விதை விழுந்தாலும் சருகுக்குள் புதைந்துபோகும். எரிந்த இடத்திலோ மழைக்குப் பின் புல் தூர் கட்டி, பூத்து, வெறும் மண்ணில் விதை கொட்டும். ஒயர்கிராஸ் என்ற புல் கோடைத் தீ பட்டால்தான் நன்றாகப் பூக்கும், பிடிவாதக்காரப் புல்! ஆகவே எரிந்து ஒரு கோடை கடந்த துண்டுகளில்தான் இந்தக் குருவி அதிகம். வருஷம் ஏற ஏறக் குறையும்.

அங்கே முன்பு தீ வைத்தது கோடை மின்னல்; பூர்வகுடிகளும் வைத்தார்கள். 1920களின் கடைசியில் அமெரிக்க வனவியல் சங்கத்தார் லாரியில் ஊர் ஊராகப் போய்ச் சினிமா காட்டி 'காட்டை எரிக்காதே' என்று பிரசாரம் செய்தார்கள். ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்த லாங்லீஃப் காட்டில் பெரும்பகுதியை அழித்தது கோடரியும் ஏரும்தான். ஆனால் மிஞ்சியதையும் தீயில்லாமை புதராக்கியது.

நான் சண்டை போடுவதென்றால் வேறு இடத்தில் போடுவேன்: மொத்தக் காட்டையும் ஒரே வருஷம் எரித்தால். துண்டு துண்டாக, இரண்டு மூன்று வருஷச் சுழற்சியில் எரித்தால் குருவிக்கு எப்போதும் பக்கத்தில் ஓர் இடம் இருக்கும். உங்கள் வனத்துறைக்காரர்களிடம் அதைக் கேளுங்கள்.

அடுத்த ஜனவரியிலும் அங்கே இருந்தால் அதே இடத்தில் நடந்து பாருங்கள். காலடியிலிருந்து ஏதோ கிளம்பித் தாழப் பறந்து சற்றுத் தள்ளிப் புல்லுக்குள் விழுந்தால், விழுந்த இடத்தில் போய்த் தேடாதீர்கள். அதற்குள் ஓடியிருக்கும்.