மழையில் நனைந்த மின்சைக்கிள் வெட்டி வெட்டி ஓடுகிறது, மோட்டாரையே மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவின் மின்சைக்கிள் ஒரு நாள் நல்ல மழையில் நனைந்தது. அதிலிருந்து த்ராட்டிலைத் திருகினால் பின்சக்கரம் நடுங்குகிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது. காலால் உந்திவிட்டால் கொஞ்ச தூரம் ஓடுகிறது. கடையில் மோட்டார் போய்விட்டது, புதுசு போடுங்கள் என்கிறார்கள்.

அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிளும் மின்சைக்கிளும் பழுது பார்க்கிறேன். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வருகிற வண்டிகளில், உள்ளே சுருள் கருகி மோட்டாரே வீணாய்ப்போனவை குறைவு. பேட்டரி, வயர், சென்சார், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டி இவற்றையெல்லாம் பார்த்த பிறகு கடைசியாகத்தான் மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டும். பெரியவர் சேர்த்து வைத்ததிலிருந்து சில நூறு வெள்ளியை எடுப்பதற்கு முன்னால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை எடுங்கள்.

முதலில் நடு ஸ்டாண்டைப் போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் த்ராட்டிலைத் திருகிப் பாருங்கள். தூக்கி வைத்தால் சீராகச் சுற்றுகிறது, ஆள் ஏறி மேட்டில் போகும்போது மட்டும் நின்றுபோகிறது என்றால் பேட்டரிதான். 48 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நான்கு இருக்கும். சும்மா நிற்கும்போது நான்குமே 12.7 காட்டி ஏமாற்றும். சுமையோடு அளந்தால் ஒன்று மட்டும் 10.5க்குக் கீழே விழுவது தெரியும். மொத்தம் 42 வோல்ட் பக்கம் இறங்கினால் கன்ட்ரோலர் பொதுவாகத் தானே நிறுத்திக்கொள்ளும்.

தூக்கி வைத்தாலும் நடுங்குகிறதா? அப்படியானால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பின்சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரிலிருந்து வரும் தடித்த மூன்று வயர்களின் இணைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம். பிளாஸ்டிக் உருகியிருக்கும், இல்லை உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மூன்றில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் நீங்கள் சொன்ன அதே நடுக்கம்தான் வரும். வெட்டிவிட்டுப் புது முனை போட்டால் வேலை முடிந்தது.

அங்கே குறையில்லை என்றால் ஹால் சென்சார். சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது மோட்டாருக்குள் இருக்கும் இந்த மூன்று சின்னச் சில்லுகள்தான். ஒன்று கெட்டாலும் கன்ட்ரோலர் குழம்பிவிடும். காலால் உந்தினால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மெல்லிய வயர்கள் ஐந்து வரும் இணைப்பைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் முனையை நுழையுங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவியைப் போட்டு, த்ராட்டிலைத் தொடாமல், சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே அளந்தால் 5 வோல்ட் பக்கம் வர வேண்டும். அப்புறம் மீட்டரின் கறுப்பு முனையை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை மெல்லிய மஞ்சள், பச்சை, நீல வயர்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றிலும் 0, 5, 0, 5 என்று மாறிக்கொண்டே வரும். எது மாறாமல் அப்படியே நிற்கிறதோ அந்தச் சென்சார் போயிருக்கலாம், அல்லது அதன் வயர் அறுந்திருக்கலாம்.

சென்சார் சில வெள்ளிதான். ஒன்று கெட்டாலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப மூடியைத் திறக்கிற வேலை மிச்சம். உள்ளே காந்தம் பலமானது, விரலை நசுக்கிவிடும், தனியாகச் செய்யாதீர்கள். பழைய சென்சாரின் எழுத்துப் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று படம் எடுத்து வைத்து, புதியதையும் அதே மாதிரி ஒட்டுங்கள்.

மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், சக்கரத்தின் இருசு (அச்சு) நடுவே ஓட்டை. வயர் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. மேலிருந்து நேராக இறங்கி உள்ளே நுழையும் வயரில் மழைத்தண்ணீர் வழிந்து அப்படியே மோட்டாருக்குள் போய்விடும். மூடியைக் கழற்றினால் செம்மண் கலந்த துருப்பிடித்த கோடு ஒன்று, தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டும். வயரை இருசுக்குக் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். நுழையும் இடத்தில் சிலிக்கோன் பசை பூசுங்கள். மண் போகட்டும் என்று தண்ணீர் பம்ப் வைத்து அங்கே அடிக்கவே கூடாது.

இருசு நட்டையும் இறுக்கிவிடுங்கள். அது தளர்ந்தால் இருசே சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும். இப்படிப் போன வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும், ஒரு ஸ்பானர் வேலைதான் அது.

சக்கரம் கையால் சுற்றும்போது இறுக்கமாக, கட்டை கட்டையாகப் போனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தத் தடித்த மூன்று வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் போய்விட்டால் கன்ட்ரோலர் கெட்டிருக்கிறது, மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றிய பிறகும் அதே இறுக்கமா? இருசுக்குள் வயர் உரசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை, உள்ளே செம்புச் சுருள் கறுத்துக் கருகிய வாடை வருகிறது என்றால் கடைக்காரர் சொன்னது சரி, மோட்டாரை மாற்றுங்கள். வாங்கும்போது வோல்ட், சக்கர அளவு, இருசின் தடிமன் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய மோட்டாரையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.