ஏலத்தில் வரும் இடிபட்ட கார்: எடுக்கலாமா?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காப்பீட்டு நிறுவனம் விடும் ஏலத்தில் முன்பக்கம் நசுங்கிய 2018 ஸ்விஃப்ட் ஒன்று வருகிறது. நானும் தம்பியும் லீவு நாளில் வேலை பார்த்துத் தேற்றிவிடலாம் என்று நினைக்கிறோம். எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் (காப்பீட்டில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு என்று எழுதி ஏலத்துக்கு விடுகிறார்கள். அதில் சில வண்டிகளுக்கு ஆர்.சி.யே ரத்தாகியிருக்கும். அதை ஸ்பேர் பார்ட்ஸுக்குத்தான் வாங்கலாம், ரோட்டில் ஓட்ட முடியாது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் பணம் கட்டாதீர்கள். சித்தூர், பெங்களூர் வண்டி மலிவாகத் தெரியும். இங்கே சாலை வரி கட்டிப் பதிவு மாற்றும்போது அந்த மலிவு கரைந்துவிடும்.

அப்புறம் இரும்பு. பானெட்டும் பம்பரும் பார்க்கப் பயமாக இருக்கும், செலவு குறைவு. எஞ்சினுக்கு இருபுறமும் நீளமாக ஓடும் சேஸிஸ் லெக்கில் டார்ச் அடியுங்கள். அங்கே பெயின்ட் சுருங்கியிருந்தாலோ, முன் கதவு மூடும்போது உரசினாலோ, இடி பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) வரை போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த வண்டி வேண்டாம். ஏர்பேக் வெடித்திருந்தால் பை மட்டும் போதாது. டேஷ்போர்டு, சீட் பெல்ட், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் சேர்ந்து வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தும் பாருங்கள். உள்ளே சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. வயரிங் உங்களை வருஷக்கணக்கில் அலைய வைக்கும்.

வண்டியின் முன்னால் இருக்கும் ஏ.சி. கன்டென்சரைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். முன்பக்க இடியில் முதலில் அடிவாங்குவதில் அதுவும் ஒன்று, வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் யார் ஓட்டுவது?

ஏலத் தொகையைப் பின்னாலிருந்து போடுங்கள். உங்கள் ஊரில் நல்ல வண்டி 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இடிபட்டது என்று தெரிந்தால் 4-தான் தருவார்கள். அதில் டிங்கரிங், பெயின்ட், பார்ட்ஸ் 1.75, கமிஷன், வரி, ரெக்கவரி வண்டி, பெயர் மாற்றம் 35 ஆயிரம், எதிர்பாராததற்கு 40 ஆயிரம். மிச்சம் 1.5 லட்சம். அதற்கு மேல் ஒருவர் கேட்டால் அவருக்கே விட்டுவிடுங்கள்.

வேறு பாடி, பெரிய எஞ்சின் என்று தம்பிக்கு ஆசை இருந்தால் இப்போதே தடுங்கள். நிறுவனம் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு விடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் உறுதி செய்தது. அதே வகை எஞ்சின் மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.