‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டுவிட்டால் போதுமா?

இணைய ஏலத்தில் எடுத்த பொருளைத் திருப்பி அனுப்புவதில் வரும் சண்டைகள் பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். நாள் கணக்குகள் ஈபே தளத்தின் விதிப்படி சொல்லப்பட்டவை. வேறு தளத்தில் வாங்கியிருந்தால் அதன் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: ஏலத்தில் பழைய கேமரா லென்ஸ் ஒன்று எடுத்தேன். ‘கண்ணாடி சுத்தமாக இருக்கிறது’ என்று போட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் உள்ளே பூஞ்சை. கேட்டால், ‘ரிட்டர்ன் கிடையாதுன்னு முதல்லயே போட்டிருக்கேனே’ என்கிறார். பணம் போனது போனதுதானா?

பதில்: போகவில்லை. அந்த வரி, வாங்கியவர் மனம் மாறினால் மட்டும்தான் விற்றவருக்குக் கைகொடுக்கும். நிறம் பிடிக்கவில்லை, வேறிடத்தில் மலிவாகக் கிடைத்தது என்றெல்லாம் சொன்னால் அவர் தாராளமாக மறுக்கலாம். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் அந்த வரி செல்லாது.

லென்ஸைத் துடைக்காதீர்கள், கழற்றாதீர்கள். ‘நீங்களே பிரித்துக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று சொல்ல அவருக்கு இடம் கொடுத்ததாகிவிடும். அப்பெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துவாரத்தை) முழுதாகத் திறந்து, பின்பக்கத்தில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து படமெடுங்கள். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத, சிலந்தி வலை போன்ற இழைகள் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். சீரியல் எண் தெரிகிற மாதிரி இன்னொரு படம். ‘சுத்தமாக இருக்கிறது’ என்ற வரி இருக்கும் ஏலப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, ரிட்டர்ன் கோரிக்கை. இதைத் தளத்திலேயே பதிய வேண்டும். மெசேஜில் வாதாடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். பொருள் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாட்கள்தான் அவகாசம். காரணம் கேட்கும் இடத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். தகராறு வேண்டாமே என்று ‘மனம் மாறிவிட்டது’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் வழக்கை நீங்களே தோற்கடித்ததாக அர்த்தம். ‘விவரித்தபடி இல்லை’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது திருப்பி அனுப்பும் செலவும் விற்றவர் தலையில்தான் விழும். அவர் பதில் சொல்ல 3 வேலை நாட்கள். அதற்குள் தீராவிட்டால் தளத்தையே தலையிடச் சொல்லுங்கள்.

‘கோரிக்கையை மூடிவிடுங்கள், பணத்தை நேரடியாக அனுப்பிவிடுகிறேன்’ என்று ஒரு மெசேஜ் வரக்கூடும். மூடாதீர்கள். மூடிய கோரிக்கையை மறுபடி திறப்பது நடக்காத காரியம். தளம் தரும் லேபிளை ஒட்டாமல் வேறு முகவரிக்கு அனுப்பினாலும், பொருள் போய்ச் சேர்ந்ததற்கு உங்களிடம் சான்று இருக்காது.

கேள்வி: நான் விற்பவன். நல்ல நிலையில் அனுப்பிய போனுக்குப் பதிலாக, திரை உடைந்த வேறொரு போனை ரிட்டர்ன் என்று அனுப்பியிருக்கிறார் வாங்கியவர். தளம் முழுப் பணத்தையும் கொடுக்கச் சொல்கிறது.

பதில்: இந்தச் சண்டையில் ஜெயிப்பதும் தோற்பதும் நீங்கள் பார்சலை ஒட்டிய நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ எண் திரையில் தெரியும்படி ஒரு படமாவது ஏலப் பக்கத்திலோ உங்களிடமோ இருந்தால் பேச்சுக்கு இடமுண்டு. இல்லையென்றால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் சொல்.

இப்போது செய்ய வேண்டியது: ரிட்டர்ன் வந்து சேர்ந்த பிறகு பணம் கொடுக்க உங்களுக்கு 2 வேலை நாட்கள்தான். ‘மோசடிக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்’ என்று சும்மா இருந்தால் தளம் தானாகவே முடித்துவிடும். கெடு முடியுமுன் தலையிடக் கேளுங்கள். வந்த பெட்டியின் லேபிள், உள்ளே இருந்த போனின் எண், நீங்கள் அனுப்பிய போனின் எண், மூன்றையும் இணையுங்கள். கூரியர் ரசீதில் எடை பதிவாகியிருந்தால் அதுவும் நல்ல சான்று. போன எடைக்கும் வந்த எடைக்கும் வித்தியாசம் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். வாங்கியவருக்கு எழுதும் மெசேஜில் ‘திருடன்’ என்ற சொல் வேண்டாம். அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லப்போவது தளத்தின் ஊழியர்.

அதே போன் திரும்பி வந்து, அவர் கையில் சேதமாகியிருந்தால் கதை வேறு. இலவச ரிட்டர்ன் தரும் விற்பனையாளர் 50 சதவீதம் வரை பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க ஈபே அனுமதிக்கிறது. இன்னொன்று: விற்கும் பொருளின் மொத்தத் தொகை 750 டாலரும் அதற்கு மேலும் என்றால், அனுப்பும்போதே கையெழுத்து வாங்கும் டெலிவரியைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் ‘வரவே இல்லை’ என்ற புகாரில் பாதுகாப்பு கிடைக்காது.

கேள்வி: ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதித்தான் ஒரு ரேடியோவை விற்றேன். வேலை செய்யவில்லை என்று திருப்புகிறார். நியாயமா?

பதில்: நிலை என்ற கட்டத்தில் என்ன தேர்ந்தெடுத்தீர்கள்? ‘பயன்படுத்தியது’ என்றால் ஈபே விளக்கப்படி அது ஒழுங்காக இயங்கும் பொருள். கீழே ‘சோதிக்கவில்லை’ என்று நீங்கள் எழுதியது எடுபடாது. ‘உதிரி பாகங்களுக்கு, வேலை செய்யாதது’ என்று போட்டிருக்க வேண்டும். விலை குறையும், உண்மைதான்.

கேள்வி: ஏலத்தில் கேட்டு எடுத்தால் திருப்ப உரிமையே இல்லை என்கிறார்களே?

பதில்: நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, இணையத்தில் வியாபாரியிடம் வாங்கினால் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்துக்கு மட்டும்தான் விலக்கு. இணைய ஏலம் அதில் சேராது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பரிலேயே, வியாபாரி ஒருவர் ஈபேயில் ஏலம் விட்ட கைச்சங்கிலி வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் வீட்டில் கிடந்ததை விற்கும் தனி ஆளிடம் வாங்கினால் இந்த 14 நாள் கிடையாது.

கேள்வி: தளத்தில் புகார் கொடுத்தபடியே கார்டு வங்கியிலும் புகார் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்குமா?

பதில்: கெட்டுப்போகும். வங்கிக்குப் போனதும் தளம் தன் பக்கத்து வழக்கை மூடிவிடும். ஒரு வழி முடிந்த பிறகு அடுத்தது. பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகக் கட்டியிருந்தால் 180 நாட்களுக்குள் தகராறு பதியலாம். பதிந்த 20 நாட்களுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும். சமாதானமாகப் போகலாம் என்று விற்றவர் இழுத்தடிப்பது பல நேரம் இந்த 20 நாளைக் கடத்தத்தான்.

கேள்வி: வழியில் உடைந்துவிட்டது. கூரியர்காரர்தானே பொறுப்பு?

பதில்: உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான். கூரியரிடம் இழப்பீடு கேட்பது அனுப்பியவர் வேலை. பெட்டி, பபிள் ராப், உள்ளே அடைத்த தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கூரியர் ஆள் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பார்.