சண்டேசுவரரிடம் வாங்கிய கடன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கொஞ்ச நாளாக இடைக்கால உலக வரலாறு வாசித்து வருகிறேன். ஐரோப்பாவில் திருச்சபை வட்டியைத் தடை செய்தது. இஸ்லாமும் தடை செய்தது. ஆனால் நம் தஞ்சைப் பெரிய கோயில் 12.5 சதவீத வட்டிக்கு வெளிப்படையாகக் கடன் கொடுத்து, அதைக் கல்லிலும் வெட்டிவைத்திருக்கிறது. அப்படியென்றால் நம் மதம் வணிகத்துக்குத் தாராளமாக இடம்கொடுத்தது என்று சொல்லலாமா? கோயில்தான் அந்தக் காலத்து ரிசர்வ் வங்கி என்கிறார்களே, சரியா? ராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஊரையே கொடுத்த பெருந்தன்மையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம் அல்லவா? மதம், வணிகம், அரசு மூன்றில் எது மற்ற இரண்டையும் ஆட்டிவைத்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரிசர்வ் வங்கியை முதலில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். ரிசர்வ் வங்கி நோட்டு வெளியிடும், மற்ற வங்கிகளைக் கண்காணிக்கும். தஞ்சைக் கோயில் இரண்டையும் செய்யவில்லை. அதனிடம் முதல் இருந்தது, அதை ஊர்களிடமும் வணிகர்களிடமும் கொடுத்து வருமானம் வாங்கியது. வாட்ஸப்பில் வருவதை ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவரே சரிபார்க்காமல் அனுப்பினால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

நாகப்பட்டினத்தையும் இப்போதே முடித்துவிடுகிறேன். தென்கிழக்கு ஆசியாவின் ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் தன் தந்தை பெயரில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்தான். 1025இல் அவன் மகன் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். 1090இல் கடாரத்துத் தூதர்கள் (கடாரமும் ஸ்ரீவிஜயப் பகுதிதான்) வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் விகாரத்தின் உரிமைகளை மறுபடி உறுதிசெய்து செப்பேடு கொடுத்தான். நடுவில் போர் வந்தும் விகாரம் போகவில்லை. துறைமுகத்துக்குக் கப்பல் வர வேண்டும், வருகிறவன் கும்பிட இடம் வேண்டும். இதில் பெருந்தன்மையும் இருந்திருக்கலாம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

எது எதை ஆட்டிவைத்தது என்பது பாடப்புத்தகம் மூன்றையும் மூன்று பாடமாகப் பிரித்து வைத்ததால் வரும் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் 'கல்லிலும் வெட்டிவைத்திருக்கிறது' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மில் கல்வெட்டு வாசிப்பவர்களில் பெரும்பாலோர், மன்னன் புகழ் பாடும் முன்பகுதியான மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகிறார்கள். 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்து, ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் முடிந்த இடத்தில்தான் ஆவணமே ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் வாசிக்கக் கவிதை தெரிந்தால் போதாது, கணக்குத் தெரிய வேண்டும். உங்களைப் போன்றவர்கள் வர வேண்டிய இடம் அது. நீங்களும் வட்டி விகிதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டீர்களே என்றுதான் வருத்தம்.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு (அணையா விளக்கு) எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். தஞ்சையில் அதற்கு வைத்த முதல் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. மற்ற ஊர்களில் 90 ஆடு என்றும் வரும். இந்த ஆடுகள் கோயிலில் கட்டிக்கிடப்பதில்லை. ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் தினம் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும், சூரியனும் சந்திரனும் உள்ளவரை. அவர் அளக்காமல் போனால் பொறுப்பேற்கப் பிணையாட்களும் உண்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். நான்கு உழக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். வருடத்துக்கு 365 உழக்கு என்றால் 11 குறுணி, 3 நாழி, 1 உழக்கு. அதை 96 ஆட்டுக்குப் பங்கிட்டால் ஆட்டுக்கு வருடம் முழுக்க ஒரு நாழி நெய்கூட ஆகவில்லை. எல்லா ஆடும் ஒரே நேரத்தில் பால் தராது, குட்டி குடித்தது போகத்தான் கறக்க முடியும், கோடையில் மேய்ச்சல் வற்றும். இதையெல்லாம் தெரிந்த ஒருவர்தான் அந்த எண்ணை வைத்திருக்க வேண்டும். நெய் போக மிச்சப் பால், மோர், குட்டிகள், வயலில் கிடை போட்டால் கிடைக்கும் நெல் எல்லாம் இடையருக்கு. நல்ல வருடத்தில் இது அவருக்கு லாபமான ஏற்பாடு.

கெட்ட வருடத்தில்? அதற்குத்தான் கல்வெட்டு இந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. சாகாத, கிழமாகாத ஆடுகள். பக்தியில் மெய்மறந்து எழுதிய வரி அல்ல இது, ஒப்பந்த விதி. நோய் வந்து நாற்பது ஆடு செத்தாலும் கோயில் கணக்கில் 96 ஆடு அப்படியே நிற்கும். குட்டிகளைக் கொண்டு ஈடுகட்ட வேண்டியது இடையர் பாடு. முதலுக்குத் தேய்மானமே கிடையாது. உங்கள் தொழிலில் தேய்மானம் போடாத சொத்து என்று ஒன்றைக் காட்டினால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? அந்தத் தேய்மானம் வேறு யார் கணக்கில் போகிறது என்றுதானே?

பணக் கடனிலும் இதே கதைதான். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்ச் சபைகள் காசைப் பொலியூட்டுக்கு (வட்டிக்கு) வாங்குகின்றன. பொலிசை (வட்டி) காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒன்று. நெல்லாகக் கொடுப்பதென்றால் காசுக்கு மூன்று குறுணி. அப்போது ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல், அதாவது 24 குறுணி. 24இல் மூன்று, அதுவும் எட்டில் ஒன்று. எப்படிப் போட்டாலும் உங்கள் 12.5 சதவீதம் வந்துவிடுகிறது. (எல்லாக் கோயிலுக்கும் எல்லாக் காலத்துக்கும் இதுதான் விகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு ஊர் மாறும்.) நூறு காசு வாங்கிய ஊர் ஆண்டுதோறும் 25 கலம் நெல்லைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து பண்டாரத்தில் அளக்க வேண்டும். அந்த 25 கலம் விளைச்சலைப் பார்த்துக் குறையாது. நெல் விலை நாலு மடங்கு ஏறிய வருடத்திலும் அதே 25 கலம்தான். இறைவனின் அமுதுபடிக்கு எந்த வருடமும் குறைவு வராது. வந்தால் ஊருக்குத்தான் வரும்.

யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்று பார்த்தீர்களா? மன்னனிடமோ கோயில் அதிகாரியிடமோ அல்ல. சண்டேசுவரரிடம். ஆதிசண்டேசுவரர் பக்கல் இத்தனை காசு கொண்டோம் என்று சபை எழுதிக்கொடுக்கிறது. சிவன் கோயிலில் இன்றைக்கும் நாம் வெளியே வருமுன் கைகளை விரித்துக் காட்டி, எதையும் எடுத்துப்போகவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதே சண்டேசுவரர். கோயில் நிலம் வாங்குவதும் விற்பதும் அவர் பெயரில்தான். கடன் கொடுத்தவர் செத்துப்போனால் பிள்ளைகளிடம் பேசி ஒரு பகுதியைத் தள்ளிக்கொள்ளலாம். மன்னன் மாறினால் புது அதிகாரியைச் சரிக்கட்டலாம். சண்டேசுவரர் சாகவும் மாட்டார், மாற்றலாகிப் போகவும் மாட்டார். மதம் அந்தச் சமூகத்தின் வணிகத்துக்குக் கொடுத்த பெரிய பொருள் இதுதான் என்பது என் கட்சி. கடன் கொடுக்கிற, சாகாத ஒருவர். கடனை மீறினால் கங்கைக்கும் குமரிக்கும் இடையில் உள்ளோர் செய்த பாவமெல்லாம் வந்து சேரும் என்ற சாபம் ஒரு பக்கம், தர்மாசனத்தில் (நீதிமன்றத்தில்) கட்ட வேண்டிய அபராதம் மறுபக்கம்.

நெல் அளந்த மரக்காலின் பெயர் என்ன தெரியுமா? ஆடவல்லான். அரசின் அளவான ராஜகேசரிக்கு அது சமம் என்று கல்வெட்டே சொல்கிறது. பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். ரத்தினம் நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன். சாமி பெயரில் அளவு, அரசு அளவோடு ஒப்பு, அளக்கப்படுவது விளைபொருள். உங்கள் மூன்று பாடங்களும் ஒரு மரக்காலுக்குள் கிடக்கின்றன.

நீதியும் இதற்குள் வந்தது. வேட்டையில் விலங்கென்று நினைத்து ஆளைக் கொன்றுவிட்டவனுக்கு, அறியாமல் செய்தது என்பதால் உயிர்த்தண்டனை வேண்டாம், கோயிலில் விளக்கு வைக்கட்டும் என்று சபை தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகள் உண்டு. வணிகர்களும் இப்படித்தான். பிரான்மலையில் கூடிய வணிகக் குழுக்கள் தங்கள் சரக்குகளின் மேல் தாங்களே பொதிக்கு இவ்வளவு என்று விதித்துக்கொண்டு கோயிலுக்கு எழுதிவைத்திருக்கின்றன.

இப்போது உங்கள் ஐரோப்பாவுக்கு வரலாம். வட்டி உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்து ஒருவரை முற்போக்கு, இன்னொருவரைப் பிற்போக்கு என்று தட்டில் வைத்து நிறுக்கிறீர்கள். எனக்கு இந்தப் பழக்கம்தான் அலுப்பூட்டுகிறது. இத்தாலியின் வெனிஸ் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கடல் வாணிகத்துக்குப் பணம் போட்டவர் வீட்டில் இருப்பார், இன்னொருவர் கப்பலேறுவார். லாபத்தில் போட்டவருக்கு முக்கால், போனவருக்குக் கால். கப்பல் மூழ்கினால் முதல் போட்டவருக்குத்தான் நஷ்டம். போனவர் உழைப்பை இழப்பார், கடனாளி ஆக மாட்டார். இஸ்லாமிய உலகின் கிராத் ஒப்பந்தமும் இதே அமைப்பு, பங்கு மட்டும் பேசி முடிவாகும். வட்டி கூடாது என்றவர்கள் நஷ்டத்தில் பங்கெடுத்தாக வேண்டியிருந்தது. வட்டிக்குத் தடையில்லாத நம் ஏற்பாட்டில் முதல் கொடுத்த தெய்வத்துக்கு நஷ்டம் என்பதே கிடையாது. அப்படியானால் தாராளம் எந்தப் பக்கம்? நீங்களே சொல்லுங்கள்.

சரி, ஊர்ச் சபைகள் ஏன் இந்தக் கடனுக்குக் கையை நீட்டின? மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருகிறதே! ஏரி கரை உடைந்திருக்கும், இறை (நில வரி) பாக்கி இருக்கும். இன்னொரு வகையும் உண்டு. ஒருவர் கோயிலுக்கு நிலம் எழுதிவைப்பார். அந்த நிலத்துக்கான இறையை இனி நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று சபை அவரிடம் முன்தொகை வாங்கிக்கொண்டு நிலத்தை இறையிலி ஆக்கிக்கொடுக்கும். தொகை வாங்கியது ஒரு தலைமுறை, இறை கட்ட வேண்டியது அதற்குப் பிறகு வரும் எல்லாத் தலைமுறையும். இப்படி ஐந்து, பத்து என்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் ஆடிட்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காகக் கொண்டாடுகிறார்கள். 921ஆம் ஆண்டு விதிகளில் எனக்குப் பிடித்தது வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, பெரியம்மா, சித்தி பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனன், மருமகன் வரை யாரும் நிற்க முடியாது. பொன்னுக்குத் தனி வாரியம், ஏரிக்குத் தனி வாரியம். சொந்தக்காரனை உள்ளே விட்டுக் கணக்கைப் புதைத்த ஊர்தான் இவ்வளவு நீளமான பட்டியல் போடும்.

பஞ்சம் வந்தபோது இந்த அமைப்பு இரண்டு விதமாக நடந்துகொண்டது. ஆலங்குடிச் சபை கோயிலின் பொன் நகைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் நிலத்தின் பேரில் கடனாக வாங்கிப் பஞ்சத்தைத் தாண்டப் பார்த்தது. கோயிலில் செல்வம் சேர்ந்ததன் நல்ல பக்கம் அது. இன்னொன்று 1201, மூன்றாம் குலோத்துங்கன் காலம், திருப்பாம்புரம். காசுக்கு மூன்று நாழி அரிசி விற்ற பஞ்சத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள். ராஜராஜன் காலத்துக் காசும் இந்தக் காசும் ஒன்றல்ல, தரம் இறங்கிவிட்டது. அதனால் காசை விட்டுவிட்டு அரிசியாகப் பாருங்கள். 110 காசுக்கு 330 நாழி, மூன்றரைக் கலம்கூட இல்லை. தஞ்சைக் கல்வெட்டின் ஐந்திரண்டு கணக்கில், ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று வைத்தால், எட்டரைக் கலத்துக்குச் சற்று மேல் நெல். மூன்று உயிருக்கு. இருநூறு வருடத்துக்கு முன் தஞ்சையில் தளிச்சேரிப் பெண்டு (கோயிலில் ஆடும் பெண்) ஒவ்வொருவருக்கும் ராஜராஜன் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வைத்திருந்தான்.

அந்தக் கோயிலைக் கொடுமைக்காரக் கோயில் என்று நான் சொல்லவில்லை. வாங்கியதால் மூவரும் பிழைத்திருக்கலாம். ஆனால் 'தாராளம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்குகளின் மேல் போர்த்த வராதீர்கள்.

திருச்சியைச் சுற்றிக் கல்வெட்டுள்ள கோயில்களுக்குக் குறைவில்லை. வெளிவந்த கல்வெட்டுத் தொகுதிகள் நூலகத்தில் கிடைக்கும். ஒரே கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்க்கீர்த்தியைத் தாண்டுங்கள். முதல் எவ்வளவு, யார் வைத்தது, யார் கையில் போனது, என்ன அளக்க வேண்டும், எந்த மரக்காலால், அளக்காவிட்டால் யார் பிணை என்று ஆறு பத்திகள் போட்ட ஒரு பேரேடு எழுதி அனுப்புங்கள். வெனிஸ் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.