எம்எக்ஸ்-5 காரின் சஸ்பென்ஷன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பற்றியவை என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். 1989ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தச் சிறிய திறந்த காரின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக ஆர்ம் எனப்படும் இரண்டு கரங்கள் தாங்கும் அமைப்பு, இருந்தது. மூன்றாம் தலைமுறையிலிருந்து பின்சக்கரங்களுக்கு மட்டும் பல தனித்தனிக் கரங்கள் கொண்ட மல்டி லிங்க் அமைப்பு வந்தது. பொதுச் சாலையில் ஓட்டுபவர்களை மனத்தில் கொண்டே பதில் சொல்கிறேன். பந்தயத் தடத்துக்கான கணக்கு வேறு.

என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டுக் கார். வளைவுகளில் தொளதொளவென்று இருக்கிறது. காய்லோவர் வாங்கிப் பொருத்தினால் சரியாகிவிடுமா?

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும் காய்லோவர் தொகுப்பால் சரியாகாது என்பதோடு, இப்போதுள்ள கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் அதன்பின் கடினமாகிவிடும். முதலில் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அத்தகைய டயரில் பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், வேறு எதை மாற்றினாலும் பிடிமானம் கூடாது. அடுத்தது காற்று. உங்கள் காருக்கு நிறுவனம் குறித்திருக்கும் அழுத்தம் 26 பிஎஸ்ஐ. மற்ற கார்களுக்கு அடிக்கும் வழக்கத்தில் இதற்கும் 32 அடித்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு டன்னை ஒட்டிய எடையே உள்ள காருக்கு அது அதிகம்.

இவை சரியென்றால், ஐயத்துக்குரியவை ஆர்ம்களின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள்தாம். முப்பது ஆண்டு கடந்த ரப்பர் வெடித்து, உள்ளிருக்கும் இரும்புக் குழாயை விட்டு விலகியிருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஆர்ம்கள் இடம் பெயர்வதால் சக்கரக் கோணம் நிலையாக நிற்பதில்லை; நீங்கள் சொல்லும் தளர்வு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். புது ரப்பர் புஷ் போடும்போது ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்: கார் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்ம் போல்ட்டுகளை இறுதியாக முறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், நின்றுகொண்டிருக்கும் காரிலேயே புஷ் முறுகிய நிலையில் இருக்கும். கார் சற்று உயரமாக நிற்பதும், புதுப் புஷ் விரைவிலேயே கிழிவதும் இதனால்தான். நான்கு சக்கரங்களும் எடையைத் தாங்கி நிற்கும்போதே கடைசி முறுக்கு வைக்க வேண்டும்.

பாலியூரிதேன் புஷ் உள்ளுக்குள் சுழலும் வகை என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், சாலையின் இரைச்சலையும் உள்ளே கடத்தும். அன்றாடம் ஓட்டும் காரென்றால் நான் ரப்பரையே தேர்ந்தெடுப்பேன்.

காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் வளைவுகளில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?

அழகாகத் தெரியும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஈர்ப்பு மையம் தாழ்வதால் வளைவில் வெளிச் சக்கரங்களுக்கு மாறும் எடை சிறிது குறையும் என்பதும் உண்மையே. ஆனால் தாழ்த்தும்போது ஆர்ம்களின் சாய்வு மாறுவதால் கார் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் கார் முன்னைவிட அதிகமாகவே சாய முற்படும். விற்பவர்கள் தாழ்வான ஸ்பிரிங்கைக் கடினமாகவும் செய்து தருவதால் இது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பரின் தண்டில் கோத்திருக்கும் அந்த நுரை ரப்பர்க் கட்டையை எம்எக்ஸ்-5 போன்று சக்கரம் ஏறி இறங்கும் தூரம் (ஓட்டம்) குறைவாக உள்ள காரில் ஸ்பிரிங்கின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். 40 மில்லிமீட்டர் இறக்கிவிட்டால் மேல்நோக்கிய ஓட்டத்தில் பெரும்பங்கு போய்விடும். வளைவின் நடுவே ஒரு மேடு வந்து பின்சக்கரம் அந்தக் கட்டையில் முட்டினால், அந்த மூலையின் கடினம் ஒரே கணத்தில் பன்மடங்காகிப் பின்புறம் சட்டென்று வழுக்கும். ஓட்டுபவருக்கு எந்த முன்னறிவிப்பும் இராது. பொதுச் சாலைக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை தாழ்த்துவதே போதும். அதற்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை.

ஸ்பிரிங்கின் கடினத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடையில் எட்டு கிலோ ஸ்பிரிங் போடச் சொல்கிறார்கள்.

எட்டு கிலோ என்பது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எட்டு கிலோ எடை வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அதாவது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 78 நியூட்டன். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்கார்ந்திருப்பதில்லை, ஆர்மின் இடையில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்று கொண்டால், அந்த 0.7ஐ இருமுறை பெருக்க வேண்டும். சக்கரம் உணரும் கடினம் ஸ்பிரிங்கின் கடினத்தில் பாதி, அதாவது மில்லிமீட்டருக்கு 38 நியூட்டன் அளவே. ஒரு மூலையில் 220 கிலோ தாங்குகிறது என்றால், அந்த மூலை விநாடிக்கு 2.1 முறை ஏறி இறங்கும் இயல்பைப் பெறும். சொகுசுக் கார்கள் ஒன்றை ஒட்டியும், நிறுவனம் அமைத்துத் தரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றரையை ஒட்டியும் இருப்பது வழக்கம். இரண்டைத் தாண்டினால், குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளத் தொடங்கும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையில் நில்லுங்கள்.

பின்புறத்தின் எண் முன்புறத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுவதால், பின்னால் ஏறும் சக்கரம் வேகமாக அசைந்து அதனோடு சேர்ந்துகொண்டால்தான் கார் முன்னும் பின்னும் ஆடாமல் சமமாக அமரும். மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் கண்டு சொன்ன விதி இது. சாலைக் காருக்கு இன்றும் பொருந்துகிறது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஸ்பிரிங்கின் கடினம் 1.75 மடங்கானால், அதை அடக்க ஷாக் அப்சார்பரின் வலிமை அதன் வர்க்கமூல அளவில், ஏறத்தாழ 1.3 மடங்காவது உயர வேண்டும். இல்லையென்றால் மேட்டைத் தாண்டிய பிறகும் கார் ஓரிரு முறை எம்பிக்கொண்டே போகும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பழைய ஸ்பிரிங்கோடு நல்ல ஷாக் அப்சார்பரைப் போடுங்கள். ஓட்டத்தில் தெரியும் மாற்றம் அதில்தான் அதிகம்.

காய்லோவரின் திருகை எத்தனை கிளிக்கில் வைப்பது?

நடுவிலிருந்து எண்ணாமல், முழுவதும் கடினமான பக்கம் மெதுவாகத் திருகி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இடம் வலம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். நன்கு பழகிய ஒரே சாலையில் முன்புறத்தை மட்டும், பிறகு பின்புறத்தை மட்டும் என மாற்றிப் பாருங்கள். கார் மேடுகளில் மிதந்தால் இறுக்கலாம். தொடர்ச்சியான சிறு மேடுகளில் கார் படிப்படியாகத் தரையோடு அமுங்கிக்கொண்டே போனால், அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் எழும்புவதை ஷாக் அப்சார்பர் மிகையாகத் தடுக்கிறது என்று பொருள், தளர்த்துங்கள்.

முன்புறம் தடிமனான ஆன்டி ரோல் பார் போடலாமா?

இடது வலது சக்கரங்களை இணைத்து முறுகும் தண்டு இது; சாய்வைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் பாரின் கடினம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்கிறது என்பதை மறக்காதீர்கள். 19 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 22 போட்டால், அது ஏறத்தாழ 80 விழுக்காடு கடினம் கூடியது. முன்புறம் மட்டும் இப்படி ஏற்றினால் முன்சக்கரங்கள் முதலில் பிடிமானம் இழந்து, ஸ்டீயரிங் திருப்பியும் கார் நேராகப் போக முற்படும். சாலைக்கு அது பாதுகாப்பான பக்கம்தான், ஆயினும் அளவு மீறினால் காரின் சுறுசுறுப்பு போய்விடும்.

அலைன்மென்ட் கடையில் என்ன எண்களைச் சொல்ல வேண்டும்?

கேம்பர் என்பது சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம் (மைனஸ் என்றால் மேல்புறம் உள்நோக்கி); காஸ்டர் என்பது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்; டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதி உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. முதல் இரண்டு தலைமுறைகளுக்கு, சாலையில் ஓட்ட: முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, காஸ்டர் 4.5 முதல் 5 டிகிரி, டோ முன்னும் பின்னும் மிகச் சிறிதளவு உள்நோக்கி. டயரை உள்விளிம்பில் தின்பது கேம்பர் என்று பலரும் பழி சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி தவறான டோதான். அளவெடுக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடை இருக்கட்டும், இரண்டு பேர் அமரும் சிறிய காரில் அது எண்களை மாற்றும். பனிக்காலத்தில் சாலையில் உப்பிடும் ஊர்களில் ஓடிய காரென்றால், கோணத்தை மாற்றும் கேம் போல்ட்டு புஷ்ஷின் குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கும். கடைக்காரர் திருப்ப முயன்று கைவிட்டு, பழைய எண்களையே அச்சிட்டுத் தருவதுண்டு. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஊடுருவும் எண்ணெயைத் தினமும் அடித்துவிட்டுப் போங்கள்.

முன்புற ஸ்ட்ரட் பிரேஸ் தேவையா?

இடது வலது மேல் மவுண்ட்டுகளை இணைக்கும் தண்டு அது. ஷாக் அப்சார்பரே சக்கரத்தின் மேற்புறத்தைத் தாங்கும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் அதற்குப் பயன் உண்டு. உங்கள் காரில் மேல் ஆர்மும் சப்ஃபிரேம் எனும் அடிச்சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருப்பதால், பக்கவாட்டு விசை பெரும்பாலும் அந்த மேல் மவுண்ட்டுக்குப் போவதே இல்லை.

நான்காம் தலைமுறைக் கார் வைத்திருக்கிறேன். புதிய காரே இவ்வளவு சாய்கிறதே?

வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். எடை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை ஓட்டுபவர் உடலால் உணர வேண்டும் என்பது நோக்கம். 2022 மாடலிலிருந்து, வேகமான வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் மிக இலேசாக பிரேக் பிடித்துப் பின்புறம் எழும்பாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். சாய்வு பிடிக்கவில்லையென்றால், முன்னும் பின்னும் சேர்ந்து வரும் ஆன்டி ரோல் பார் ஜோடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது வாங்குபவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.